பிரித்துப் பார்த்த மேதை ஜி.டி. நாயுடு



பழைய புல்லட்டில் புது மாடலின் முன் ஃபோர்க்கையும் டிஸ்க் பிரேக்கையும் மாட்டலாமா? வேங்கிக்காலில் டீக்கடையில் நாலு டிப்ளமோ பசங்க சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. மாட்டிடலாம் என்பான் ஒருவன், உட்காராது என்பான் இன்னொருவன். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் கோவை தந்த விஞ்ஞானி ஜி.டி. நாயுடு அவர்கள்தான்.

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி, ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பாவின் தோட்டத்தில் வேலை பார்த்தார்.

அப்போது அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இழுக்காமல், மனிதன் மிதிக்காமல் ஒரு வண்டி ஓடுகிறதே! இளைஞர் நாயுடுவின் மனம் அதிலேயே நின்றுவிட்டது. ஊரை விட்டுக் கோவைக்குப் போனார். ஒரு ஓட்டலில் சர்வர் வேலையில் சேர்ந்தார். சாப்பாடு பரிமாறிக் காசு சேர்த்து, அந்த அதிகாரியிடமிருந்தே அந்த மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றினாரா? இல்லை நண்பர்களே! வண்டியைப் பாகம் பாகமாகப் பிரித்தார். மறுபடியும் பூட்டினார். அதுதான் அவருடைய முதல் ஒர்க்‌ஷாப் வகுப்பு. ஆசிரியர் கிடையாது, புத்தகம் கிடையாது.

அது இங்கிலாந்தின் ரட்ஜ் கம்பெனி வண்டி. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளில் இன்றைக்கு நாம் பார்க்கிற ஆயில் நிரப்பிய டெலஸ்கோப்பிக் ஃபோர்க் கிடையாது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ கம்பெனி அதை 1935-ல்தான் கொண்டு வந்தது. வெறும் ஸ்பிரிங் ஃபோர்க்கும், ரிம்மில் உரசும் கட்டை பிரேக்கும்தான் அன்றைக்கு இருந்தவை. ஆனாலும் எந்த பாகம் எதைத் தாங்குகிறது, எது எதற்குக் கட்டுப்படுகிறது என்று கையால் தொட்டுத் தெரிந்துகொண்டால் அந்த அறிவு எந்த வண்டிக்கும் பொருந்தும்.

மெக்கானிக் ஆனார். பஞ்சு வியாபாரமும் செய்து பார்த்தார், நஷ்டமும் பட்டார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ் வளர்ந்துதான் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனம் ஆனது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரைத் தயாரித்தார். பேட்டரியில் ஓடும் ரேசன்ட் சவரக் கருவியும் அவர் படைப்புதான். 1952-ல் இரண்டாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் உட்காரும் கார் ஒன்றையும் உருவாக்கினார். லைசென்ஸ் கிடைக்காததால் அது ரோட்டுக்கு வரவில்லை.

நமக்கு இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தொடங்கியது அவருடைய முயற்சியால்தான். மூன்றாம் வகுப்பு படித்தவர் பாலிடெக்னிக் தொடங்கினார்! இன்ஜினியரிங் படிப்புக்கு நாலு வருஷம் வேண்டாம், இரண்டு வருஷம் போதும், மீதியைக் கை கற்றுக்கொடுக்கும் என்பது அவர் கொள்கை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார், கொள்கையை விடவில்லை. 1974 ஜனவரி 4-ஆம் தேதி மறைந்தார்.

இப்போது நம்ம புல்லட்டுக்கு வருவோம். வேறு மாடல் ஃபோர்க்கை மாட்டும் முன் நாயுடு மாதிரி பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் ஸ்டெம்மின் நீளமும் பேரிங்கின் அளவும் ஒத்துப்போக வேண்டும். ஃபோர்க் நீளம் மாறினால் வண்டியின் சாய்வு மாறும், வளைவில் ஹேண்டில் சொன்னபடி கேட்காது. ஆக்சில் தடிமன் பார்க்க வேண்டும். டிரம் பிரேக் என்றால் அதன் பிளேட் சுற்றாமல் பிடிக்கும் ஸ்டாப்பர் ஃபோர்க்கில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பிரேக் பிடித்த நொடியில் பிளேட்டே சுற்றி, சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிறகு ஆள் கீழே, வண்டி மேலே! டிஸ்க் என்றால் கேலிப்பர் உட்கார இடம் வேண்டும். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் சொல்கிறது. போல்ட் உட்கார்ந்துவிட்டது என்பதற்காக பாகம் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். டிப்ளமோதானே, இன்ஜினியர் இல்லையே என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்னைப் போலப் பலரையும் கேட்கிறார்கள். அவர்களுக்கு நாம் வாயால் பதில் சொல்ல வேண்டாம். ஒரு பிரேக்கைப் பிரித்துப் பூட்டி, அந்த வண்டியில் நம்ம அப்பாவையே தைரியமாக உட்கார வைத்து கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் சுற்றி வந்தால், அதுதான் பதில்.

பிரிக்கத் தெரிந்தவன் பாதி மெக்கானிக், திரும்பப் பூட்டத் தெரிந்தவன்தான் முழு மெக்கானிக். ஸ்பேனரைப் பிடிப்போம், நாயுடு வழியில் நடப்போம்!