ஆலை முதல்வர் ரண்சோட்லால்

நமது குளத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம் முதலிய கரிசல் பிரதேசங்களில் பருத்தி விளைவிப்பது நெடுங்கால வழக்கம். இந்தப் பருத்தி மாட்டுவண்டிகளில் தூத்துக்குடித் துறைமுகஞ் சேர்ந்து, கப்பலேறி லங்காஷயர் சென்று, அங்கிருந்து துணியாகத் திரும்பி நம்மவருக்கே விற்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. இக்கொடுமையை மாற்ற எண்ணி எட்டயபுரத்தில் பருத்தி அரைவை ஆலை நிறுவியவர் மகாகவி பாரதியாரின் தந்தையாராகிய சின்னசாமி ஐயர். அம்முயற்சி நஷ்டத்தில் முடிந்தது. 1898-ல் அவர் காலமானார். அதே ஆண்டில் காலஞ்சென்ற மற்றொரு முயற்சியாளர், கூர்ஜர நாட்டு ஆமதாபாத் நகரின் ஸ்ரீ ரண்சோட்லால் சோட்டாலால். அவருடைய முயற்சி நிலைத்து ஒரு நகரத்தையே மாற்றியமைத்தது. அவருடைய சரித்திரத்தைக் கரிசல் நாட்டார் அறிந்திருத்தல் நலமென்று கருதி ஈண்டுச் சுருங்க உரைக்கிறோம்.

ரண்சோட்லால் 1823-ல் ஆமதாபாத்தில் நாகர் பிராமண குலத்தில் தோன்றினார். இளமையில் சர்க்கார் சுங்க இலாகாவில் குமாஸ்தாவாக அமர்ந்து, படிப்படியாக உயர்ந்தார். பின்னர், கைக்கூலி வாங்கினாரென்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகி உத்தியோகத்தை இழந்தார். சர்க்கார் வேலையே வாழ்வின் பேறு என்று கருதப்பட்ட அக்காலத்தில், அத்தகைய அவமானம் வேறொருவரை வீட்டு மூலையில் முடக்கியிருக்கும். இவரோ, உத்தியோகத்திலிருந்த நாளிலேயே தம் உள்ளத்தில் ஊன்றியிருந்த நூற்பாலை எண்ணத்தைக் கைக்கொண்டெழுந்தார்.

ஆமதாபாத்தில் தனவந்தருக்குக் குறைவில்லை. எனினும் வட்டித் தொழிலிலும் அபினி வியாபாரத்திலும் பழகிய அவர்கள், கண்ணாற் காணாத யந்திரத்தில் பொருளை முடக்கத் தயங்கினார்கள். பல ஆண்டுகள் வீடுவீடாகச் சென்று பேசிய பின்னரே ஒரு லக்ஷம் ரூபாய் மூலதனத்துடன் கம்பெனி ஏற்பட்டது. அச்சமயம் இங்கிலாந்திலிருந்த ஸ்ரீ தாதாபாய் நௌரோஜி யந்திரங்களை வாங்குவதற்கு உதவினார். முதலில் அனுப்பிய யந்திரங்கள் கடலிலேயே அழிந்தன. மறுமுறை தருவிக்க நேர்ந்தது. ஆமதாபாத்துக்கு ரெயில்பாதை வந்தது 1864-ல்தான். ஆதலின், காம்பே துறையில் இறக்கிய கனத்த இரும்புச் சாமான்களை மாட்டுவண்டிகளிலேற்றிக் கொணர்ந்தார்கள். இத்தனை இடர்களையுங் கடந்து, 1861-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி, சுமார் 2,500 கதிர்களுடன் ஆமதாபாத்தின் முதல் ஆலை ஓடத் தொடங்கியது.

அவ்வாண்டே அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அந்நாட்டுப் பருத்தி கிட்டாமையால் இந்தியப் பருத்தியின் விலை வானளாவியது. 1865-ல் யுத்தம் முடிந்ததும் விலை சரிந்து, பம்பாயில் பெருந்தனிகர் பலர் வீழ்ந்தனர். விலையேற்றத்தில் மயங்காது தொழிலையே பற்றிநின்ற ரண்சோட்லாலின் ஆலை அப்புயலில் தப்பியது. அவரைக் கண்டு பிறரும் துணிவு பெற்று ஆலைகளை நாட்டினர்.

ஆனால், ஆலை முதலாளியென்ற அளவில் அவர் நின்றிருப்பாராயின், இன்று அவரைப்பற்றி நாம் எழுத வேண்டிய அவசியமில்லை. முனிசிபல் சபையில் அங்கத்தினராயிருந்த அவர், 1885-ல் அதன் தலைவராக நியமிக்கப்பட்டார். அப்பதவி வகித்த முதல் இந்தியர் அவரே. வேலையிலிருந்து நீக்கிய அதே சர்க்கார் அவருக்கு ராவ் பகதூர், ஸி.ஐ.இ. பட்டங்களையும் அளித்தது; பம்பாய்ச் சட்டசபையிலும் அவர் அங்கம் வகித்தார்.

மதிலுக்குள் ஜனங்கள் நெருங்கி வாழ்ந்த அந்நகரில் கிணற்று நீர் அசுத்தம். வீதிகளில் கழிவு நீர் தேங்கி நின்றது. நோய்க்கும் மரணத்துக்கும் குறைவில்லை. சபர்மதி ஆற்றுப் படுகையில் கிணறு தோண்டிக் குழாய் வழியே நீர் வழங்கவும், கழிவு நீரைப் பூமிக்கடியில் கொண்டு செல்லவும் ரண்சோட்லால் திட்டமிட்டார். இதற்கு வந்த எதிர்ப்பு சாமானியமானதன்று. வரி ஏறுமென்று வீட்டுடைமையாளர் கூக்குரலிட்டனர்; முன்னோர் தோண்டிய கிணறும் வீட்டு மழைநீர்த் தொட்டியும் போதுமென்றனர் வேறு சிலர். சொந்த ஊராரின் நிந்தனையை அவர் பொறுத்தார், திட்டத்தைக் கைவிடவில்லை. 1890-களின் தொடக்கத்தில் குழாய் நீர் வந்தது. பாதாள சாக்கடையும் நகரின் ஒரு பகுதியில் தொடங்கிற்று. இங்கிலாந்திலிருந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இப்பணியை ஊன்றிக் கவனித்து ஊக்கமளித்தார்.

புகழ்வதோடு நிறுத்துவது நேர்மையாகாது. காங்கிரஸ் மேடைகளில் அவர் முன்னின்றவரல்லர். சர்க்காரின் நம்பிக்கையைப் பெற்றே காரியங்களைச் சாதித்தவர். ஆலைத் தொழிலாளர் விஷயத்திலும் அவர் பார்வை முதலாளியின் பார்வையே. 1881, 1891-ம் ஆண்டுகளின் தொழிற்சாலைச் சட்டங்களை, லங்காஷயரின் பொறாமையால் விளைந்தவையென்று நம் ஆலை முதலாளிகள் வெறுத்தார்கள். லங்காஷயரின் சுயநலம் மெய்யே. 1896-ல் நமது ஆலைத் துணிக்கு விதித்த நூற்றுக்கு மூன்றரை வரியே அதற்குச் சாட்சி. ஆயினும் 1891-ம் ஆண்டுச் சட்டம் செய்ததென்ன? சிறுவருக்கு ஏழு மணியும் பெண்டிருக்குப் பதினொரு மணியும் வேலை நேரமென வரையறுத்தது; வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வளித்தது. அதனையுமா சுதேசித் தொழிலின் பெயரால் மறுப்பது? நகரத்தாரின் தாகத்தை உணர்ந்தவர் ஆலைக்குள் உழைத்தோரின் களைப்பை உணரவில்லை. அக்குறையைத் தீர்க்க 1918-ல் மகாத்மா காந்தி அதே ஆமதாபாத்தில் தொழிலாளர் பக்கம் நின்று உண்ணாவிரதமிருக்க நேர்ந்தது. நம் தூத்துக்குடியிலோ, 1908-லேயே வெள்ளையரது கோரல் ஆலைத் தொழிலாளருக்காக ஸ்ரீ வ.உ.சிதம்பரம் பிள்ளை போராடினார்.

ரண்சோட்லால் வகித்த நகரசபைத் தலைமையை 1924-ல் ஏற்றவர் ஸ்ரீ வல்லபபாய் படேல். பின்னாளில் பர்தோலி விவசாயிகளை நடத்திய அத்தலைவர் நீர், சாக்கடை, வரிக் கணக்கு ஆகியவற்றில் தேர்ந்தது இவ்விடத்தில்தான். ராஜீயமென்பது மேடைப் பிரசங்கம் மாத்திரமன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கிணறுகளில் உப்பு நீர் ஊறும் கரிசற் கிராமங்களில் குடிநீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஊராட்சியிலும் நகரசபையிலும் அமரும் நம் அன்பர்கள், வாக்கையிழக்க நேரினும் வேண்டிய வரியை விதித்து நன்னீர் கொணர்ந்த ரண்சோட்லாலின் உறுதியைப் பெறுவார்களாக. அவர் காணத் தவறிய தொழிலாளியையும் உடன் நினைவிற் கொள்வார்களாக.