சீவாளியில் பிறந்த நாதம்
(இசைமேதை காருக்குறிச்சி அருணாசலம் வாழ்விலிருந்து)

ஆலயத் திருவிழா என்றதும் கொடியேற்றமும் சப்பரப் பவனியும் நம் கண்முன் வந்து நிற்கும். அத்துடன் முன்னே செல்லும் மேளமும் நாயனமும், பின்னே முழங்கிவரும் பேண்டு வாத்தியமும் காதில் ஒலிக்கத் தொடங்கிவிடும். பேண்டு குழுவில் சேர்ந்து ட்ரம்பெட் பழகும் இளைஞர்கள் ஆர்வத்துடன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எந்த மவுத்பீஸ் வாங்கினால் நல்ல ஒலி வரும் என்பதே அது. விலை உயர்ந்ததை வாங்கலாமா, பெரிய வித்துவான் வைத்திருப்பதைப் போன்றே ஒன்றைத் தேடிப் பிடிக்கலாமா என்றெல்லாம் அவர்கள் தங்களுக்குள் வாதிடுவதையும் கேட்கிறோம்.

இக்கேள்விக்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தென்காசியில் நெல்லைக்குச் செல்லும் ரயிலில் ஏறி அமர்ந்தால் பாவூர்சத்திரம், ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் ஆகிய ஊர்களைக் கடந்து ஒரு சிறிய நிலையம் வரும். அதுவே காருக்குறிச்சி. மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அவ்வூரின் பெயரை இசையுலகம் முழுவதும் அறியச் செய்தவர் நாதசுர மேதை அருணாசலம் அவர்கள். ஊதும் கருவியின் வாய்ப்பகுதி எத்துணைச் சிறியது, ஆயினும் எத்துணைப் பெரியது என்பதை அன்னாரின் வாழ்வைக் கொண்டு அறியலாம்.

தென்பாண்டிச் செல்வம்

அருணாசலம் 1921-ஆம் ஆண்டு பிறந்தார். தாமிரபரணி பாயும் நெல்லைச் சீமையிலேயே அவர் வளர்ந்தார். அக்காலத்தில் நாதசுரம் என்றாலே தஞ்சைத் தரணி என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. பெரிய வித்துவான்கள் காவிரிக் கரையில் இருந்தனர். கருவி செய்யும் ஆசாரிமார்களும், சீவாளி கட்டும் கைவினைஞர்களும் அங்கேயே இருந்தனர். நாதசுரத்தின் உலவு, அதாவது நீண்ட குழல், ஆச்சா மரத்தில் கடையப்படுவது. அதற்குப் பேர்போன நரசிங்கம்பேட்டையும், சீவாளிக்குப் பேர்போன திருவாவடுதுறையும் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்தவை. நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவற்றுக்கெல்லாம் வெகுதொலைவில், பொதிகை மலைச் சாரலில் பிறந்த ஒருவர் இத்துறையில் முதல் வரிசைக்கு வந்தது எளிய செயலன்று. அதற்கு வழி திறந்தவர், நாதசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பெற்ற திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அவர்கள். அவரைக் குருவாகக் கொள்ளும் பேறு அருணாசலத்துக்குக் கிட்டியது. அவரிடம் பாடம் கேட்டதுடன் நில்லாமல், அவர் அருகிலேயே அமர்ந்து உடன் வாசிக்கும் பெருமையையும் அவர் பெற்றார். இந்த உடன் வாசிப்பே நம் கேள்விக்குரிய விடையைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. அதனைக் காணுமுன் சீவாளியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

விரல் நீளத் துண்டு

ட்ரம்பெட்டில் அதிர்வது வாசிப்பவரின் உதடு. மவுத்பீஸ் அந்த உதட்டைத் தாங்கி, அதன் அதிர்வைக் குழாய்க்குள் செலுத்துகிறது. நாதசுரத்தில் அதிர்வது சீவாளி. கொறுக்கை எனப்படும் நாணல் தட்டையைப் பதப்படுத்தி, உலர்த்தி, நுனியைத் தட்டையாக்கி, அடியில் நூல் சுற்றிக் கட்டுகின்றனர். இரண்டு மெல்லிய இதழ்கள் ஒன்றையொன்று நோக்கி இருப்பதுபோல் அதன் வாய் அமையும். கெண்டை என்னும் சிறு உலோகக் குழலில் சீவாளியைப் பொருத்தி, அக்கெண்டையை உலவின் தலையில் செருகுவர். மறுமுனையில் விரிந்த வாயாக இருப்பது அணசு.

மரம் எத்துணை உயர்ந்ததாயினும், விரல் எத்துணைத் தேர்ந்ததாயினும், இந்தச் சிறு துண்டு இணங்காவிட்டால் நாதம் பிறவாது. நாதசுரத்தில் ஊதும் காற்றின் அழுத்தத்தாலும், உதட்டால் சீவாளியைப் பிடிக்கும் பிடியாலும், விரல் துளையைப் பாதி மூடியும் மூடாமலும் வைப்பதாலும் சுரங்களை நுட்பமாக ஏற்றி இறக்க வேண்டும். ஆகவே வித்துவானின் உதடு பேசும் பேச்சை முதலில் கேட்பது சீவாளியே.

ஒரே கையால் கட்டப்பட்ட பத்துச் சீவாளிகளை எடுத்துக்கொண்டாலும் இரண்டு ஒன்றுபோல் இருப்பதில்லை. கடினமான சீவாளி கனத்த நாதம் தரும். ஆனால் நெஞ்சின் காற்றையெல்லாம் கேட்கும். இளகிய சீவாளி எளிதில் பேசும். ஆனால் மேல் தாயியில் துவண்டு சுருதி இறங்கிவிடும். குற்றாலத்தில் சாரல் பொழியும் ஆனி, ஆடி மாதங்களின் ஈரக்காற்றில் நாணல் உப்பி இளகும். சித்திரை வெயிலில் உலர்ந்து இறுகும். நேற்று நன்றாகப் பேசிய சீவாளி இன்று முரண்டு பிடிப்பதும் உண்டு. இதனாலேயே நாதசுர வித்துவான்களின் கருவியில் நான்கைந்து சீவாளிகளும், அவற்றின் வாயைச் சீர்செய்யும் ஊசியும் கயிற்றில் கோத்துத் தொங்குவதை நாம் காண்கிறோம். அது அலங்காரத்துக்காக அன்று. அவரவர் தேர்ந்து வைத்திருக்கும் சேமிப்பு.

கருவி மாறினால் சீவாளியும் மாறும்

முற்காலத்தில் பெரிதும் வழங்கியது திமிரி என்னும் குட்டையான நாதசுரம். அதன் சுருதி உயர்ந்தது. நெடுந்தொலைவுக்குக் கேட்கும். வீதி உலாவுக்கு ஏற்றது. பாரி என்னும் நாதசுரமோ நீண்டது, சுருதி தாழ்ந்தது, ஒலி கம்பீரமும் இனிமையும் கலந்தது. அமர்ந்து கேட்கும் கச்சேரிக்கு உகந்தது. பாரி நாதசுரத்துக்குப் பெருவழக்கைத் தேடித் தந்தவர் ராஜரத்தினம் பிள்ளை. சுத்த மத்தியமம் பிசகின்றி ஒலிக்கும் பாரி நாதசுரத்தை, பல சோதனைகளுக்குப் பின், 1955-இல் அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து முடித்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. குழல் நீண்டால் அதற்கேற்ற சீவாளியும் வேண்டும். திமிரிக்குப் பொருந்திய சீவாளியைப் பாரியில் செருகினால் கருவி தன் குரலை இழந்துவிடும். எனவே சீவாளியை மட்டும் தனியே எடுத்து வைத்து நல்லது, கெட்டது எனத் தீர்ப்புக் கூற இயலாது. எந்தக் குழலுக்கு என்பது முதற் கேள்வி. எவருடைய மூச்சுக்கு என்பது இரண்டாம் கேள்வி. மூன்றாம் கேள்வியும் ஒன்று உண்டு.

இருவர் ஊதும் ஒரே நாதம்

நாதசுரக் கச்சேரியில் பெரும்பாலும் இருவர் இணைந்து வாசிப்பர். இருவருடைய குழலும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் நாதத்தை ஏந்திக்கொள்ள வேண்டும். கேட்போருக்கு இடையில் தையல் தெரியலாகாது. ராஜரத்தினம் பிள்ளை போன்ற மாமேதையின் அருகில் அமர்ந்த இளைஞர் அருணாசலத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். தம் சீவாளி குருவின் சீவாளியை மிஞ்சிக் கத்தினால் அது அடக்கமின்மை. அடங்கி ஒடுங்கிப் போனால் துணைக்கு அமர்ந்ததில் பயனில்லை. சற்றே சுருதி விலகினாலும் தோடியின் அழகு முழுவதும் சிதைந்துவிடும். இத்தகைய இடத்தில் தனித்து ஊதும்போது மிக இனிமையாக ஒலிக்கும் சீவாளியே சிறந்தது என்று கூற முடியாது. அருகிலிருப்பவரின் நாதத்தோடு கலந்து ஒன்றாகும் சீவாளியே சிறந்தது. இதுவே மூன்றாம் கேள்வி: உடன் வாசிப்பவரோடு அது இணங்குமா?

இவ்வாறு இணைந்து ஒலிக்கக் கற்றவரே பின்னர்த் தனித்தும் ஒளிவிட்டார். கோவில்பட்டியைத் தம் இருப்பிடமாகக் கொண்ட அருணாசலம், 1956-இல் குரு மறைந்தபின் அந்தப் பாரம்பரியத்தின் முன்னணி வித்துவானாகத் திகழ்ந்தார். குருவின் வழியில் நின்றும், அவருடைய நிழலாகவே முடிந்துவிடாமல், குழைவும் இனிமையும் நிறைந்த நாதத்தைத் தமக்கென அமைத்துக்கொண்டார் என்பதை அவருடைய ஒலிப்பதிவுகளைக் கேட்கும் எவரும் உணரலாம்.

குரலும் குழலும்

இந்த இணக்கத்தின் சிகரமாக விளங்குவது 1962-இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை திரைப்படம். எம். வி. ராமன் இயக்கிய அப்படத்தில் ஜெமினி கணேசன் நாதசுரக் கலைஞராகவும், சாவித்திரி பாடும் பெண்ணாகவும் நடித்தனர். எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையில், ஆபேரி ராகத்தில், சிங்காரவேலனை அழைக்கும் பாடல் ஒன்று அமைந்தது. பாடியவர் எஸ். ஜானகி. உடன் ஒலித்தது அருணாசலத்தின் நாதசுரம்.

நாதசுரம் திறந்த வெளிக்கென்றே பிறந்த ஓங்காரக் கருவி. மெல்லிய பெண் குரலை அது விழுங்கிவிடக்கூடும். ஆனால் அப்பாடலில் குரல் எழுப்பும் சுரத்தைக் குழல் ஏந்துகிறது. குழல் காட்டும் வழியில் குரல் நடக்கிறது. எது முன், எது பின் என்று பிரித்துக் கூற இயலாதபடி இரண்டும் போட்டியிட்டுக்கொண்டே ஒன்றுபடுகின்றன. அந்த ஒரு பாடலால் கர்நாடக இசை அறியாத பாமரரும் காருக்குறிச்சியின் பெயரை அறிந்தனர். அறுபது ஆண்டுகள் கடந்தும் மதவேறுபாடின்றித் திருமண வீடுகளிலும் திருவிழாப் பந்தல்களிலும் நாதசுரக் கலைஞர்களிடம் மக்கள் அதனை விரும்பிக் கேட்கின்றனர்.

அந்தோ! புகழின் உச்சியில் இருந்தபோதே, 1964-இல், தம் நாற்பதுகளின் தொடக்கத்தில் அந்த மேதை மறைந்தார். வாழ்ந்த காலம் குறைவு. விட்டுச் சென்ற நாதம் பெரிது.

நம் இளைஞருக்கு

இனி ட்ரம்பெட்டுக்கு வருவோம். அதன் மவுத்பீஸில் உதடு படும் விளிம்பு, அதனுள் கிண்ணம், கிண்ணத்தின் அடியில் தொண்டைத் துளை, அதற்கப்பால் விரிந்து செல்லும் குழாய் என நான்கு பகுதிகள் உண்டு. கிண்ணம் ஆழமானால் ஒலி கனத்து இருண்டு வரும். ஆழம் குறைந்தால் ஒலி கூர்மையாகும். மேல் சுரங்கள் எளிதாகும். விளிம்பு அகன்றால் உதட்டுக்குச் சுகம். ஆனால் சுரம் விட்டுச் சுரம் தாவும் லாவகம் குறையும். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் ட்ரம்பெட் செய்து புகழ்பெற்ற வின்சென்ட் பாக் (1890–1976) வகுத்த எண்முறையில் எண் சிறிதானால் வாய் அகலம் பெரிது. 7சி என்பதைவிட 3சி சற்றே அகலமானது. எழுத்து கிண்ணத்தின் ஆழத்தைக் குறிக்கும். பழகத் தொடங்குவோர் பலரும் 7சியில் தொடங்குகின்றனர்.

ஒன்றோடு ஒன்றை ஒப்பிடும்போது ஒரே பாட்டை, ஒரே கருவியில், மெதுவாகவும் உரக்கவும், கீழ்ச் சுரத்திலும் மேல் சுரத்திலும் ஊதிப் பாருங்கள். கடையில் ஐந்து நிமிடம் ஊதி முடிவு செய்யாதீர்கள். பவனியில் ஒரு மணி நேரம் நடந்து களைத்தபின்னும் உதடு தாங்குகிறதா என்று பாருங்கள். ஊதுபவர் காதுக்குக் கேட்பது வேறு, எதிரே இருப்பவருக்குக் கேட்பது வேறு; ஆகவே நண்பர் ஒருவரைத் தொலைவில் நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். இறுதியாக, குழுவினர் அனைவரோடும் சேர்ந்து ஊதிப் பாருங்கள். வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே இருந்தால் உதடு எதற்கும் பழகாது என்பதையும் மறவாதீர்கள்.

என் மூச்சுக்கு இணங்குகிறதா, என் கருவிக்கு இணங்குகிறதா, என் அருகில் நிற்பவரின் ஒலியோடு இணங்குகிறதா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமாயின் அதன் விலை குறைவாக இருப்பினும் அதுவே உங்களுக்குரியது. விலையுயர்ந்த ஒன்றால் தனித்து முழங்கித் தோழர்களின் ஒலியை மறைப்பவரைவிட, எளிய ஒன்றால் அனைவரோடும் கலந்து ஒலிப்பவரே பவனிக்குப் பெருமை சேர்ப்பவர்.

அடுத்த முறை மேளக்காரர் வந்து அமர்ந்து, தொங்கும் சீவாளிகளில் ஒன்றை எடுத்து எச்சிலில் நனைத்து, ஊதிப் பார்த்து, வேண்டாமென்று விட்டு இன்னொன்றை எடுக்கும்போது, நேரமாகிறதே என்று அவரை அவசரப்படுத்தாதீர்கள். காருக்குறிச்சியாரின் நாதமும் அத்தகையதொரு விரல் நீள நாணல் துண்டிலிருந்து பிறந்ததே.