பேப் டிட்ரிக்சன்

மில்ட்ரெட் எல்லா டிட்ரிக்சன் சகாரியாஸ் (ஜூன் 26, 1911 – செப்டம்பர் 27, 1956), பேப் டிட்ரிக்சன் என்ற பெயரால் பரவலாக அறியப்பட்ட ஐக்கிய அமெரிக்கத் தடகள வீராங்கனையும் கோல்ஃப் ஆட்டக்காரரும் ஆவார். 1932 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் போட்டிகளில் பெண்களுக்கான 80 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்திலும் ஈட்டி எறிதலிலும் தங்கப் பதக்கங்களையும், உயரம் தாண்டுதலில் வெள்ளிப் பதக்கத்தையும் பெற்றார். ஓட்டம், எறிதல், தாண்டுதல் ஆகிய மூன்று வகைகளிலும் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வென்றவர் ஆண்கள், பெண்கள் இருபாலரிலும் இவர் ஒருவரே.

பிறப்பும் இளமையும்

டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் ஆர்தர் நகரில், நார்வே நாட்டிலிருந்து குடியேறிய ஓலே, ஹன்னா இணையருக்கு ஏழு பிள்ளைகளில் ஆறாவதாகப் பிறந்தார். தந்தை ஒரு தச்சர். 1915 இல் வீசிய பெரும் புயலுக்குப் பின் குடும்பம் அருகிலிருந்த பியூமான்ட் நகருக்கு இடம் பெயர்ந்தது. பிள்ளைகளுக்காகத் தந்தை வீட்டு முற்றத்திலேயே உடற்பயிற்சிக் கருவிகளைச் செய்து அமைத்துக் கொடுத்தார். தமது பிறந்த ஆண்டை டிட்ரிக்சன் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறாகக் கூறியுள்ளார். இதனால் பழைய நூல்கள் சிலவற்றில் 1914 என்றும் காணப்படுகிறது. கல்லறையில் பொறிக்கப்பட்டிருப்பது 1911.

தடைதாண்டலை அவர் கற்றுக்கொண்டது மைதானத்தில் அன்று. வீட்டிலிருந்து மளிகைக் கடைக்குச் செல்லும் தெருவில் அண்டை வீட்டார் வளர்த்திருந்த வேலிச் செடிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி ஓடுவார். தமக்கை லில்லி அவருடன் தெருவில் போட்டியிட்டு ஓடுவார். வேலிச் செடிகள் மரத் தடையைப் போல மெல்லியவை அல்ல, அகலமானவை. முள்ளும் கிளையும் கீறாமலிருக்க முன்காலின் முழங்காலை மடித்தே தாண்ட வேண்டியிருந்தது. பின்னாளிலும் அவருடைய தாண்டும் முறையில் அந்த மடிப்பு நீங்கவில்லை. உயரமாக வளர்ந்திருந்த ஒரு வேலியை, தாம் கேட்டுக்கொண்டதற்கு இணங்க அதன் உரிமையாளர் மற்றவற்றின் அளவுக்கு வெட்டிக் கொடுத்தார் என்று 1955 இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார்.

1930 இல் டல்லாஸ் நகரின் எம்ப்ளாயர்ஸ் கேஷுவாலிட்டி என்ற காப்பீட்டு நிறுவனம் அவருக்குத் தட்டச்சர் வேலை அளித்தது. உண்மையில் அந்நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது தட்டச்சர் அல்லர், தனது பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஓர் ஆட்டக்காரர். அக்காலத்தில் ஊதியம் பெற்று விளையாடுவோர் தடகளப் போட்டிகளில் கலந்துகொள்ள இயலாது. எனவே நிறுவனங்கள் இவ்வாறு அலுவலக வேலை என்ற பெயரில் வீரர்களைச் சேர்த்துக்கொண்டன. இந்த அணி 1931 இல் தேசிய வாகையர் பட்டம் வென்றது. அணிப் பொறுப்பாளரான மெல்வின் மெக்கோம்ப்ஸ் என்பவரே டிட்ரிக்சனைத் தடகளத்துக்கு அழைத்து வந்தார்.

ஒருவர் மட்டுமே கொண்ட அணி

1932 ஜூலை 16 அன்று இலினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரில் தேசியத் தடகளப் போட்டிகள் நடைபெற்றன. ஒலிம்பிக் அணித் தேர்வும் இதுவே. மற்ற அணிகள் பல வீராங்கனைகளை அனுப்பியிருக்க, மெக்கோம்ப்ஸ் டல்லாஸ் அணியின் சார்பில் டிட்ரிக்சன் ஒருவரை மட்டும் அனுப்பினார். ஒரே பிற்பகலில் அவர் எட்டுப் போட்டிகளில் இறங்கினார். குண்டு எறிதல், ஈட்டி எறிதல், நீளம் தாண்டுதல், பேஸ்பால் பந்தெறிதல், 80 மீட்டர் தடைதாண்டும் ஓட்டம் ஆகிய ஐந்தில் முதலிடமும், உயரம் தாண்டுதலில் ஜீன் ஷைலியுடன் இணைந்து முதலிடமும் பெற்றார். அணிகளுக்கான புள்ளிப் பட்டியலில் 30 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது டிட்ரிக்சன் என்ற ஒற்றை ஆள் அணி. 22 வீராங்கனைகளைக் கொண்ட இலினாய் பெண்கள் தடகளக் கழகம் 22 புள்ளிகளுடன் இரண்டாவது வந்தது. தடகள வரலாற்றில் இதற்கு இணையாக வேறொரு பிற்பகலைக் காட்டுவது கடினம்.

லாஸ் ஏஞ்சலஸ், 1932

ஒலிம்பிக்கில் பெண்களுக்கான தடகளப் போட்டிகள் முதன்முதலாக 1928 இல் ஆம்ஸ்டர்டாமில் நடத்தப்பட்டன. 1932 இல் அவற்றின் எண்ணிக்கை ஆறு மட்டுமே. தடைதாண்டும் ஓட்டமும் ஈட்டி எறிதலும் அவ்வாண்டில்தான் சேர்க்கப்பட்டன. மேலும் ஒரு பெண் மூன்று தனிநபர் போட்டிகளுக்கு மேல் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி இருந்தது. எட்டுப் போட்டிகளில் இறங்கிப் பழகியவர் மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. ஜூலை 31 அன்று ஈட்டியை 43.68 மீட்டர் தொலைவுக்கு எறிந்து முதல் தங்கத்தை வென்றார். இரண்டாவதாக வந்த ஜெர்மனியின் எலன் பிரௌமுல்லர் எறிந்த தொலைவு 43.49 மீட்டர்.

80 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஏனெனில் இன்று அது வழக்கில் இல்லை. பாதையில் எட்டுத் தடைகள் இருக்கும். ஒவ்வொன்றின் உயரம் 76.2 சென்டிமீட்டர். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 12 மீட்டர், தடைகளுக்கு இடையே 8 மீட்டர், கடைசித் தடையிலிருந்து இறுதிக் கோட்டுக்கு 12 மீட்டர். தடைகளுக்கு இடையே மூன்று எட்டுகள் மட்டுமே வைக்க இடமுண்டு. ஓரெட்டுத் தவறினால் அடுத்த தடையில் கால் இடறும். 1972 மியூனிக் ஒலிம்பிக் முதல் இதற்குப் பதிலாகப் பத்துத் தடைகள் கொண்ட 100 மீட்டர் ஓட்டம் நடத்தப்படுகிறது. 1932 இல் காலை ஊன்றிப் புறப்படும் கட்டைகளும் ஒலிம்பிக்கில் அனுமதிக்கப்படவில்லை. ஓடுவோர் சிறு கரண்டியால் பாதையில் குழி தோண்டிக் காலைப் பதித்துக்கொள்வர்.

தகுதிச் சுற்றில் டிட்ரிக்சன் 11.8 வினாடிகளில் ஓடி உலக சாதனையைச் சமன் செய்தார். ஆகஸ்டு 4 அன்று இறுதி ஓட்டம். துப்பாக்கி வெடிக்கும் முன்பே ஒருமுறை அவர் புறப்பட்டுவிட்டார். அக்கால விதிப்படி மறுமுறையும் அவ்வாறு செய்தால் நீக்கப்பட்டிருப்பார். ஆகவே அடுத்த முறை மற்றவர்கள் புறப்பட்டதைக் கண்ட பிறகே தாம் புறப்பட்டதாகத் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். சிகாகோவைச் சேர்ந்த எவலின் ஹால் முன்னிலை பெற்றார். ஐந்தாவது தடை அருகில்தான் டிட்ரிக்சன் அவரை எட்டிப் பிடித்தார். கடைசி மூன்று தடைகளை இருவரும் ஒன்றாகவே தாண்டினர். இறுதிக் கோட்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே கடந்தனர். டிட்ரிக்சன் உடனே கையை உயர்த்தித் தாமே வென்றதாக ஆரவாரம் செய்தார். நடுவர்கள் கூடிப் பேசியபின் அவருக்கே தங்கம் என்று முடிவு அறிவிக்கப்பட்டது. இருவருக்கும் எழுதப்பட்ட நேரம் ஒன்றே: 11.7 வினாடி, புதிய உலக சாதனை. தென்னாப்பிரிக்காவின் மார்ஜரி கிளார்க் 11.8 வினாடிகளில் மூன்றாவது வந்தார்.

அன்று நேரம் கையில் பிடித்த கடிகாரத்தால், வினாடியின் பத்தில் ஒரு பங்கு வரை மட்டுமே கணக்கிடப்பட்டது. அந்த வேகத்தில் பத்தில் ஒரு வினாடிக்குள் ஓடுபவர் ஏறத்தாழ 68 சென்டிமீட்டர் கடந்துவிடுவார். இரு பெண்களுக்கு இடையே இருந்த இடைவெளியோ ஒரு கையகலமே. எனவே கடிகாரம் இங்கே சாட்சி ஆகாது, நடுவரின் கண்ணே சாட்சி. குறைந்தது சமநிலை என்றாவது அறிவித்திருக்க வேண்டும் என்பது ஹாலின் நிலைப்பாடு. பின்னாளிலும் அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஹாலின் மனக்குறையில் நியாயம் இல்லை என்று கூறிவிட முடியாது. அதே மைதானத்தில் மூன்று நாள்களுக்கு முன் ஆண்கள் 100 மீட்டர் ஓட்டத்திலும் எடி டோலன், ரால்ஃப் மெட்காஃப் இருவருக்கும் 10.3 வினாடி என்றே எழுதப்பட்டு, டோலனுக்குத் தங்கம் வழங்கப்பட்டது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின் 80 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் முதல் நால்வருக்கும் 11.7 வினாடி, இத்தாலியின் ட்ரெபிசோண்டா வாலா முதலாவதாக அறிவிக்கப்பட்டார். மின்கடிகாரம் வந்தபின் பின்னங்கள் தெளிவாயின. 1984 இல் இதே லாஸ் ஏஞ்சலஸ் மைதானத்தில் 400 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் பி. டி. உஷா நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தை இழந்தது நம் வாசகர்கள் அறிந்ததே.

ஆகஸ்டு 7 அன்று உயரம் தாண்டுதல். இங்கு டிட்ரிக்சனும் ஷைலியும் 1.65 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தைத் தாண்டிச் சமநிலையில் நின்றனர். சமநிலையை முறிக்க நடத்தப்பட்ட கூடுதல் தாண்டலில் டிட்ரிக்சனின் தலை உடலுக்கு முன்பாகக் கம்பியைக் கடந்ததாகவும், அது பாய்தல் ஆகும் எனவும் நடுவர்கள் தீர்ப்பளித்தனர். அவருக்கு வெள்ளி கிடைத்தது. உலக சாதனை மட்டும் இருவர் பெயரிலும் பதிவாயிற்று. அந்தப் பாய்தல் விதி பின்னாளில் நீக்கப்பட்டது. ஒரே வாரத்தில் நடுவரின் கண் ஒருமுறை அவருக்குச் சாதகமாகவும் மறுமுறை பாதகமாகவும் அமைந்தது.

உடன் சென்றவர்கள்

டிட்ரிக்சன் தற்பெருமை மிக்கவர். உடன் ஓடியோரிடம் தாமே வெல்லப்போவதாக முன்கூட்டியே கூறும் வழக்கமுடையவர். அணியினர் பலர் அவரை விரும்பவில்லை. இதைவிடக் கடுமையான ஒரு குற்றச்சாட்டும் உண்டு. 1932 அணியில் டைடி பிக்கெட், லூயி ஸ்டோக்ஸ் என்ற இரு கறுப்பின வீராங்கனைகள் இருந்தனர். லாஸ் ஏஞ்சலஸ் செல்லும் தொடர்வண்டியில், உறங்கிக் கொண்டிருந்த தங்கள் மீது டிட்ரிக்சன் குளிர்ந்த நீரை ஊற்றியதாகப் பிக்கெட் பின்னாளில் தெரிவித்தார். பிக்கெட்டும் ஸ்டோக்ஸும் தொடர் ஓட்ட அணியிலிருந்து விலக்கப்பட்டு, அவர்களுக்குப் பதிலாக வெள்ளை இனத்தவர் ஓடினர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் பெர்லினில், டிட்ரிக்சன் வென்ற அதே 80 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் இறங்கி, ஒலிம்பிக்கில் போட்டியிட்ட முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் என்ற இடத்தைப் பிக்கெட் பெற்றார். அரையிறுதியில் தடையில் இடறிக் காலில் காயமுற்றதால் அவரால் ஓட்டத்தை முடிக்க இயலவில்லை.

தடகளத்திலிருந்து வெளியேற்றம்

1932 டிசம்பரில் டாட்ஜ் சிற்றுந்து விளம்பரம் ஒன்றில் டிட்ரிக்சனின் பெயரும் படமும் வெளிவந்தன. அமெரிக்கத் தொழில்சாரா விளையாட்டுச் சங்கம் அவரை உடனே இடைநீக்கம் செய்தது. தடை விரைவில் விலக்கப்பட்டது. எனினும் அவர் தாமாகவே தொழில்முறைக்கு மாறினார். இருபத்தொரு வயதில் அவருடைய தடகள வாழ்க்கை முடிவுற்றது. பெர்லினில் அவர் என்ன செய்திருப்பார் என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. அடுத்த சில ஆண்டுகள் நாடக மேடைகளிலும், ஊர் ஊராகச் சென்ற காட்சிக் கூடைப்பந்து, பேஸ்பால் ஆட்டங்களிலும் பொருளீட்டினார். பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. பெற்றோருக்கும் அவர் பணம் அனுப்பி வந்தார். செய்தித்தாள்களில் சில எழுத்தாளர்கள் அவருடைய உடலமைப்பையும் குட்டை முடியையும் எள்ளி எழுதினர். பெண்கள் விளையாட்டையே ஒழித்துவிட வேண்டும் என்றவர்களும் உண்டு.

கோல்ஃப்

பிறகு அவர் கோல்ஃபை முறையாகப் பயின்றார். 1935 இல் டெக்சாஸ் மாநிலப் பெண்கள் போட்டியில் வென்றதும், முன்பு வேறு விளையாட்டில் பணம் பெற்றவர் என்ற காரணத்தால் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அவரைத் தொழில்சாராப் போட்டிகளிலிருந்து விலக்கியது. 1938 இல் ஆண்களுக்கான லாஸ் ஏஞ்சலஸ் ஓப்பன் போட்டியில் ஆடினார். அங்கு உடன் ஆடிய மல்யுத்த வீரர் ஜார்ஜ் சகாரியாஸை அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று மணந்தார். பல ஆண்டுகள் பரிசுப் பணம் ஏதும் பெறாமலிருந்து 1943 இல் தொழில்சாராத் தகுதியை மீட்டார். 1946 இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்சாராப் பட்டத்தையும், 1947 இல் ஸ்காட்லாந்தின் கல்லன் நகரில் நடந்த பிரித்தானியப் பெண்கள் தொழில்சாராப் பட்டத்தையும் வென்றார். பின்னதை வென்ற முதல் அமெரிக்கர் இவரே. 1950 இல் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தை நிறுவிய 13 பேரில் இவரும் ஒருவர்.

நோயும் மறைவும்

1953 ஏப்ரலில் பெருங்குடல் புற்றுநோய்க்காகப் பியூமான்டில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. வயிற்றில் திறப்பு அமைத்துக் கழிவை வெளியேற்றும் நிலை ஏற்பட்டதால் இனி ஆடவே இயலாது என்று பலரும் கருதினர். நான்கு மாதங்களுக்குள் அவர் மீண்டும் ஆடினார். 1954 இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் கழக மைதானத்தில் நடந்த அமெரிக்கப் பெண்கள் ஓப்பன் பட்டத்தை, மூன்றாவது முறையாக, 12 அடிகள் வித்தியாசத்தில் வென்றார். புற்றுநோய் என்ற சொல்லையே வெளியில் கூறத் தயங்கிய காலத்தில் தம் நோயை மறைக்காமல் பேசினார். புற்றுநோய் நிதிதிரட்டும் பணிகளில் பங்கேற்றார். தம் உடலின் நிலையை அவ்வளவு வெளிப்படையாகக் கூறியதை, வென்ற பதக்கங்களுக்கு ஒரு படி மேலாகவே வைத்து எண்ணத் தோன்றுகிறது.

1955 இல் நோய் திரும்பியது. 1956 செப்டம்பர் 27 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் மருத்துவமனையில் தம் 45 ஆம் வயதில் காலமானார். அன்று நடந்த செய்தியாளர் சந்திப்பை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் அவருக்கு அஞ்சலி செலுத்தியே தொடங்கினார். உடல் பியூமான்டில் அடக்கம் செய்யப்பட்டது. அந்நகரில் 1976 முதல் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. 2021 இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான விடுதலைக்கான குடியரசுத் தலைவர் பதக்கம் மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது.