தீரர் சத்தியமூர்த்தியும் சென்னையின் குடிநீரும்

சென்னையிலிருந்து மேற்கு நோக்கி ரயிலேறினால் வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கடந்து திருவள்ளூரை அடையலாம். அதற்கு அப்பால் பூண்டி என்னும் சிற்றூரில் கொசஸ்தலை ஆறு நீண்டதோர் அணையால் தடுக்கப்பட்டு, பெரும் நீர்ப்பரப்பாக விரிந்து கிடக்கிறது. அந்த நீர்த்தேக்கத்திற்கு சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர். மேடைப் பிரசங்கத்தால் கீர்த்தி பெற்ற ஒருவருடைய பெயர் ஓர் ஏரிக்கு எவ்வாறு வந்தது என்று இன்றைய வாலிபர் பலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஸ்ரீ சத்தியமூர்த்தியின் சரித்திரத்தை எழுதுவோர் அவருடைய நாவன்மையை விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, அவர் சென்னை மேயராக இருந்த ஒரு வருஷத்தை இரண்டு வரிகளில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வருஷமே அவருடைய பொது வாழ்வின் சிகரம் என்பது நமது அபிப்பிராயம்.

புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில், 1887ஆம் வருஷம் ஆகஸ்டு 19ஆம் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் வக்கீல். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, சட்டப் பரீட்சை தேறி, சென்னையில் வக்கீலானார். ஆனால் கோர்ட்டைவிட மேடையே அவரை இழுத்தது. 1919இல் மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தைப் பற்றி பார்லிமெண்டு கமிட்டியின் முன் இந்தியர் கட்சியை எடுத்துரைக்கச் சென்ற காங்கிரஸ் தூதுகோஷ்டியில் அவரும் ஒருவராக லண்டன் சென்றார். சட்டசபைகளைப் பகிஷ்கரிப்பதா, உள்ளே புகுந்து போராடுவதா என்ற வாதம் எழுந்தபோது, அவர் சுயராஜ்யக் கட்சியின் பக்கம் நின்று, 1923இல் சென்னைச் சட்டசபைக்குள் பிரவேசித்தார். சர்க்காரை அவர்களுடைய சொந்தச் சபையிலேயே, அவர்களுடைய சொந்தச் சட்டத்தைக் கொண்டே மடக்கும் வித்தையில் அவருக்கு இணையானவர் அந்நாளில் மிகச் சிலரே.

1930இல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலின் மேல் தேசியக் கொடியை ஏற்ற முயன்று சிறை புகுந்தார். 1934இல் டில்லி மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அங்கே காங்கிரஸ் கட்சியின் உபதலைவரானார். சங்கீதத்திலும் நாடகத்திலும் ஆழ்ந்த பற்றுள்ளவர். தாமே வேஷம் கட்டி மேடையேறியவர். அவருடைய எல்லாக் கருத்துக்களையும் நாம் ஏற்பதற்கில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட காலத்தில் அதை எதிர்த்து நின்றவர்களில் அவரும் ஒருவர். அது பெரிய பிழை என்பதை அவருடைய அபிமானிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1937 தேர்தலில் தமக்கென்று கருதப்பட்ட சர்வகலாசாலைத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக் கொடுத்தார். காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தபோது அவர் அதில் இடம் பெறவில்லை. காமராஜ் என்னும் விருதுநகர் இளைஞரைத் தூக்கிவிட்டவரும் அவரே என்பது ஊரறிந்த விஷயம்.

1939ஆம் வருஷக் கடைசியில் அவர் சென்னை மேயரானார். காலம் மிகவும் பொல்லாதது. ஐரோப்பிய யுத்தம் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. இந்தியாவைக் கேளாமலே இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டதைக் கண்டித்து, காங்கிரஸ் மந்திரிகள் அக்டோபரில் ராஜினாமாச் செய்திருந்தார்கள். மாகாணத்தில் கவர்னரும் அவருடைய ஆலோசகர்களும் நேரடியாக ஆட்சி நடத்தினார்கள். ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மந்திரிசபை கோட்டையில் இல்லாத வேளையில், ரிப்பன் கட்டிடத்தில் ஒரு காங்கிரஸ்காரர் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். நகரமோ கடும் தண்ணீர்ப் பஞ்சத்தில் இருந்தது.

சென்னையின் தண்ணீர்க் கதையை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் அவர் செய்ததன் மதிப்பு விளங்காது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இடத்தில், வியாபாரத்தை உத்தேசித்து ஆங்கிலேயர் எழுப்பிய நகரம் இது. ஆதியில் கிணறுகளே கதி. 1772இல் கோட்டைக்கு ஜலம் கொடுப்பதற்காக ஏழு கிணறு ஏற்பாடு வந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, பிரேசர் என்னும் என்ஜினீயரின் திட்டப்படி, தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆற்றைக் குறுக்கே மறித்து, சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் நீரைத் திருப்பினார்கள். 1872 முதல் செங்குன்றத்து ஜலம் திறந்த வாய்க்காலில் கீழ்ப்பாக்கத்துக்கு ஓடிவந்து, அங்கிருந்து குழாய்களில் புகுந்தது. மாடு குளிப்பாட்டுவதும் துணி துவைப்பதும் நடக்கக்கூடிய திறந்த வாய்க்கால் அது. வடிகட்டும் ஏற்பாடு கிடையாது. அந்த ஜலத்தைத்தான் நாற்பது வருஷம் சென்னை குடித்தது. நகரில் காலரா ஏன் அடிக்கடி தலைகாட்டியது என்பதற்கு வேறு ஜோசியம் வேண்டியதில்லை.

இந்த நிலையை மாற்றியவர் மேட்லி என்னும் கார்ப்பரேஷன் என்ஜினீயர். வாய்க்காலுக்குப் பதிலாக மூடிய கட்டுக்கால்வாய் அமைத்து, கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டித் தொட்டிகளை ஏற்படுத்தினார். 1914இல் அவை வேலை செய்யத் தொடங்கின. அந்தத் தொட்டியில் நீர் மணலுக்குள் மெதுவாக இறங்கும். மணலின் மேற்பரப்பில் நாளடைவில் படியும் மெல்லிய உயிர்ப்படலம் நோய்க் கிருமிகளில் பெரும் பகுதியைத் தடுத்துவிடும். மேட்லியின் திட்டம் 1961ஆம் வருஷத்தில் இருக்கக்கூடிய 6 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு, ஆளுக்குத் தினம் 25 காலன் என்ற கணக்கில் வகுக்கப்பட்டது. நகரம் அந்தக் கணக்கை மதிக்கவில்லை. 1931லேயே ஜனத்தொகை 6 லட்சத்து 47 ஆயிரம். 1941இல் 7 லட்சத்து 77 ஆயிரம். இருபது வருஷத்துக்கு முன்பே திட்டம் வயதாகிவிட்டது.

ஜலம் குறைந்தால் கஷ்டம்தானே, அதில் சுத்தம் எங்கே வந்தது என்று கேட்கலாம். விஷயத்தின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது. குழாயில் இடைவிடாமல் அழுத்தத்துடன் ஜலம் நிற்கும்வரை, குழாயில் ஓட்டை இருந்தாலும் ஜலம் வெளியே கசியுமேயன்றி வெளி அசுத்தம் எளிதில் உள்ளே வராது. சில மணி நேரம் மட்டும் ஜலம் விட்டு மற்ற நேரம் குழாயைக் காலியாக வைத்தால் நிலைமை தலைகீழாகிறது. அருகில் ஓடும் சாக்கடை அதே ஓட்டை வழியே உறிஞ்சப்பட்டு உள்ளே புகுகிறது. மறுநாள் காலை குழாய் திறந்ததும் குழந்தையின் பாத்திரத்தில் முதலில் விழுவது அதுதான். கீழ்ப்பாக்கத்தில் எவ்வளவு சுத்தமாக வடிகட்டினாலும், தெருவில் குழாய் காலியாக இருந்தால் அந்தச் சுத்தம் வீடு வந்து சேராது. குழாயே வற்றினால் ஜனங்கள் பாழ்கிணற்றையும் குட்டையையும் தேடிப் போவார்கள். ஆதலால் ஏரியில் போதிய சேமிப்பு இருப்பதே சுத்தத்துக்கு முதல் காவல். சென்னையின் குடிநீரைக் காப்பாற்ற வேண்டுமானால் கீழ்ப்பாக்கத்தில் இன்னொரு தொட்டி கட்டினால் மட்டும் போதாது. ஐப்பசி கார்த்திகையில் பெருகி எண்ணூர்க் கடலில் வீணே கலக்கும் கொசஸ்தலை வெள்ளத்தை மேற்கிலேயே பிடித்து நிறுத்த வேண்டும்.

பூண்டியில் அணை கட்டுவதே இதற்கு வழி. யுத்த காலத்தில் இரும்புக்கும் சிமெண்டுக்கும் பணத்துக்கும் ஆயிரம் சாக்குகள் உண்டு. சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு அவற்றைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சத்தியமூர்த்தி விடவில்லை. டில்லியில் வைஸ்ராய் கவுன்சிலர்களை எதிர்த்த வாய், இப்போது கோட்டையின் காரியதரிசிகளிடம் கன அடியும் காலனும் பேசியது. எந்த சர்க்காரை வெளியேற்ற வேண்டுமென்று மேடையில் முழங்கினாரோ, அதே சர்க்காரிடம் நகர ஜனங்களின் தாகத்துக்காக வாதாடுவதில் அவர் கௌரவக் குறைவைக் காணவில்லை. சம்மதம் கிடைத்தது. 1940 ஆகஸ்டில் கவர்னர் சர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அஸ்திவாரக் கல் நாட்டினார்.

வெள்ளைக்கார கவர்னரைக் கொண்டு கல் நாட்டுவித்தது காங்கிரஸ் மேயருக்குத் தகுமா என்று இப்போதுகூடச் சிலர் முகம் சுளிக்கலாம். பதவியை விட்டு வெளியேறியது காங்கிரஸின் கொள்கை. தண்ணீர் இல்லாமல் ஏழு லட்சம் பேரைத் தவிக்கவிடுவது எந்தக் கொள்கையிலும் எழுதப்படவில்லை. தமக்கு அதிகாரத்திடம் பிரியம் ஏதுமில்லை என்பதை அவர் விரைவிலேயே உடம்பால் நிரூபித்துக் காட்டினார். காந்தியடிகள் தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறை சென்றார். 1942 ஆகஸ்டு இயக்கத்தில் மீண்டும் கைதானார். மத்திய மாகாணத்தில், ஊரும் உறவும் எட்டாத அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அந்தப் பிரயாணத்தில் முதுகெலும்பில் ஏற்பட்ட காயம் அவரை விட்டு நீங்கவில்லை. உடல்நிலை மோசமான பிறகு சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1943ஆம் வருஷம் மார்ச்சு 28ஆம் தேதி காலமானார். வயது ஐம்பத்தைந்து. அதற்கு மறு வருஷம், 1944இல், பூண்டி அணை முடிந்து ஜலம் தேங்கியது. 65 லட்சம் ரூபாய் செலவில், சுமார் 257 கோடி கன அடி கொள்ளக்கூடியதாக எழுந்த அந்த ஏரியை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

அவருடைய சீடர் மறக்கவில்லை. காமராஜ் முதல் மந்திரியாக இருந்த 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, மகாநாட்டுத் திடலுக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டார்கள். சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானம் நிறைவேறிய இடம் அதுவே. பூண்டி நீர் நகரத்தை நோக்கிச் செல்லும் நாட்டுப்புறத்தில், பூண்டிக்குக் காரணமானவருடைய பெயரில் பந்தல் போட்டது பொருத்தமானதுதான்.

அவர் தொடங்கிவைத்த ஏற்பாடு பிற்காலத்தில் வளர்ந்தது. மணல் ஆற்றில் ஜலம் உறிஞ்சப்பட்டு வீணாவதைத் தடுக்க, 1972இல் பூண்டியிலிருந்து தனிக் கால்வாய் வந்தது. ஆந்திராவுடன் 1983இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக, 1996இல் கிருஷ்ணா நதி ஜலம் பூண்டிக்குள் முதன்முதலாகப் பாய்ந்தது. அணையின் கொள்ளளவு 323 கோடி கன அடியாக உயர்த்தப்பட்டது. செங்குன்றம் ஏரியை ஒட்டிப் புழலில் தினம் 30 கோடி லிட்டரும், பூந்தமல்லிக்கு அருகே செம்பரம்பாக்கத்தில் 53 கோடி லிட்டரும் சுத்திகரிக்கும் நிலையங்கள் பின்னாளில் எழுந்தன.

ஆனால் ஏரிகளைச் சுமந்து நின்ற இந்த மேற்குப் புறநகர்களின் சொந்தக் கதை அவ்வளவு சிறப்பானதல்ல. நகரத்துக்குப் போகும் ஜலம் அருகே ஓட, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசிகள் நெடுங்காலம் கிணற்றையும் ஆழ்துளையையும் லாரியையும் நம்பி வாழ்ந்தார்கள். அம்பத்தூர் 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. தொழிற்சாலைகளும் வீடுகளும் நெருங்கின. கழிவுநீர் சேர்ந்த இடம் ஏரியாயிற்று. கொரட்டூர் ஏரியில் கழிவு கலப்பது பசுமைத் தீர்ப்பாயம் வரையில் வழக்காகப் போய்விட்டது. ஊர் ஏரியைக் கெடுத்துக்கொண்டு தூரத்து ஏரியின் தண்ணீருக்குக் காத்திருப்பது எந்த ஊர் வழக்கமோ நமக்குப் புரியவில்லை.

2019ஆம் வருஷம் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றின. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வாகன்களில் 25 லட்சம் லிட்டர் ஜலத்தை ஏற்றிக்கொண்டு முதல் தண்ணீர் ரயில் வந்தது. அரக்கோணத்தையும் திருவள்ளூரையும் தாண்டி, ஆவடி வழியாக, அம்பத்தூர் வழியாக அது வில்லிவாக்கம் வந்து நின்றது. அங்கிருந்து குழாய் போட்டு, அந்த ஜலத்தைக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.