உராய்வை அளந்த அறிஞர்

எங்கள் பங்காருபாளையத்துப் பக்கம் வெல்லம் காய்ச்சுவோர் பாகின் பதத்தை நன்கு அறிவர். காற்றுக்கும் பாகுத்தன்மை உண்டு. ஆனால் மிகமிகச் சிறிது. சிறிதுதானே என்று அதைச் சுழியாக்கிவிட்டால், காற்றில் சீராகச் செல்லும் பொருளுக்கு எதிர்ப்பே இல்லை என்கிறது சமன்பாடு! விமானமோ எதிர்ப்பை உணர்கிறது. சுழியை நெருங்குவது வேறு, சுழியாவது வேறு. பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில் உராய்வு நிலைத்திருக்கிறது என 1904இல் விளக்கினார் ஜெர்மானியர் பிராண்டில்.

அவ்வுராய்வை நேரே அளந்தவர் நம் சதீஷ் தவான். 1920இல் ஸ்ரீநகரில் பிறந்து, லாகூரில் பயின்று, அமெரிக்கா சென்றார். தட்டையான பரப்பில் சிறு துண்டொன்றை மட்டும் அசையுமாறு பொருத்தி, காற்று அதை இழுக்கும் விசையை அளந்தார். 1951இல் கால்டெக் கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. தாயகம் திரும்பி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். 1972 முதல் 1984 வரை விண்வெளித் துறையை நடத்தினார். 2002இல் மறைந்தார். இன்று திருப்பதி மாவட்டத்திலுள்ள ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முப்பரிமாண ஓட்டச் சமன்பாட்டுக்கு எக்காலமும் சீரான தீர்வு உண்டா என்பது இன்றும் நிறுவப்படவில்லை. கணிதம் பயிலும் நான் அவரிடம் கற்றது இதுவே: நண்பர்களே, சிறியதென்று எதையும் சுழியாக்கிவிடாதீர்கள், அளந்து பாருங்கள்!