மகனைப் பணயமாகத் தந்த இமாம்: ஷாமில் (ரஹ்) அவர்களின் வாழ்வும் குடும்பமும்

ஹஜ், உம்ராவுக்காகச் சென்று மதீனாவில் தங்கும் நம்மவர்கள் ஜன்னத்துல் பகீஃயில் நின்று ஸலாம் சொல்லாமல் திரும்புவதில்லை. பெயர்ப் பலகை இல்லாத அந்த மண்ணறைகளில் ஒன்றில், ரஷ்யப் பேரரசை 25 ஆண்டுகள் எதிர்த்து நின்ற மலைநாட்டு ஆலிம் ஒருவர் அடங்கியிருக்கிறார். அவர்தான் தாகிஸ்தானின் இமாம் ஷாமில் (ரஹ்).

அவருடைய வீரத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. ரஷ்ய எழுத்தாளர் தால்ஸ்தாயின் 'ஹாஜி முராத்' நாவலில்கூட அவர் ஒரு பாத்திரமாக வருகிறார். ஆனால் அந்த நீண்ட போர் அவருடைய வீட்டுக்குள் என்ன செய்தது என்பது குறைவாகவே பேசப்படுகிறது. ஊரார் பிள்ளைகளைப் போர்க்களத்துக்கு அழைக்கும் தலைவர், தம் பிள்ளைகள் விஷயத்தில் எப்படி நடந்துகொண்டார்? அதற்கு அவர் தந்த விலை என்ன? இமாம் ஷாமிலின் வாழ்வை இந்தக் கேள்வியோடு பார்ப்போம்.

கிம்ரி கிராமத்தின் மாணவர்

காஸ்பியன் கடலுக்கு மேற்கே, காக்கசஸ் மலைத்தொடரில் அமைந்த நாடு தாகிஸ்தான். அங்கே அவார் இன மக்கள் வாழும் கிம்ரி கிராமத்தில் 1797-ல் அவர் பிறந்தார். பெற்றோர் முதலில் வைத்த பெயர் அலி. குழந்தை அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால், அந்த மக்களின் வழக்கப்படி பெயரை மாற்றி ஷாமில் என்று அழைத்தார்கள்.

அண்டை வீட்டில் அவரைவிடச் சற்று மூத்தவரான காஸி முஹம்மத் இருந்தார். இருவரும் உயிர் நண்பர்கள். அரபு மொழியையும் மார்க்கக் கல்வியையும் சேர்ந்தே கற்றார்கள். நக்‌ஷபந்தி தரீக்காவின் ஷைகு ஜமாலுத்தீன் அவர்களிடம் ஆன்மிகப் பயிற்சி பெற்றார்கள். பின்னாளில் ஷாமிலின் மூத்த மகனுக்கு அமைந்த பெயர் ஜமாலுத்தீன். அடுத்த மகனின் பெயர் காஸி முஹம்மத். ஆசிரியரும் நண்பரும் அந்தக் குடும்பத்தில் பெயர்களாக வாழ்ந்தார்கள்.

ரஷ்யப் படைகள் கோட்டை மேல் கோட்டையாகக் கட்டிக்கொண்டு மலைகளை நோக்கி முன்னேறிய காலம் அது. எதிர்த்த கிராமங்கள் எரிக்கப்பட்டன. காஸி முஹம்மத் முதல் இமாமாக நின்று போரைத் தொடங்கினார். ஷைகு ஜமாலுத்தீன் அவர்களோ ஆரம்பத்தில் ஆயுதப் போரை விரும்பவில்லை.

1832-ல் கிம்ரி முற்றுகையிடப்பட்டது. காஸி முஹம்மத் ஷஹீதானார். அவரோடு கடைசிவரை நின்றவர்களில் உயிர் தப்பிய மிகச் சிலரில் ஷாமிலும் ஒருவர். துப்பாக்கி ஈட்டி மார்பில் பாய்ந்து, எலும்புகள் முறிந்த நிலையில் வெளியேறிய அவரை, உன்சுகுல் ஊரில் காய வைத்தியத்தில் தேர்ந்தவரான அவருடைய மாமனார் அப்துல் அஸீஸ் பிழைக்க வைத்தார். இரண்டாவது இமாமான ஹம்ஸத் பேக் 1834-ல் பள்ளிவாசலில் வைத்துக் கொல்லப்பட்டார். அதன்பின் பொறுப்பு ஷாமிலின் தோளில் வந்து விழுந்தது.

அஹுல்கோ மலையில் நடந்தது

1839-ன் கோடையில் ஜெனரல் கிராபே தலைமையில் ரஷ்யப் படை அஹுல்கோவை வளைத்தது. மூன்று பக்கமும் கொய்சு நதியின் ஆழமான பள்ளம் சூழ்ந்த செங்குத்துப் பாறை அது. போராளிகள் மட்டுமல்ல, பெண்களும் குழந்தைகளும் அங்கே தஞ்சம் புகுந்திருந்தார்கள். முற்றுகை ஏறத்தாழ 80 நாட்கள் நீடித்தது. தண்ணீர் எடுக்க இறங்கியவர்கள் சுடப்பட்டார்கள். இறந்தவர்களை அடக்க இடமில்லை.

சமாதானப் பேச்சுக்கு ஜெனரல் விதித்த முதல் நிபந்தனை, ஷாமிலின் மூத்த மகனைப் பணயமாகத் தர வேண்டும் என்பது. ஜமாலுத்தீனுக்கு அப்போது எட்டு, ஒன்பது வயதுதான் இருக்கும். பாறை மேல் இருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களை எண்ணிப் பார்த்த இமாம், மகனை அனுப்பி வைத்தார். சிறுவன் எதிரியின் முகாமுக்கு இறங்கிச் சென்றான்.

ஆனால் சமாதானம் வரவில்லை. இமாமே வந்து சரணடைய வேண்டும் என்று ஜெனரல் கேட்டார், அவர் மறுத்தார். மகன் எதிரியின் கையில் இருக்கும்போதே தாக்குதல் மீண்டும் தொடங்கியது. அஹுல்கோ வீழ்ந்தபோது இமாமின் மனைவி ஜவ்ஹரத்தும், அவருடைய கைக்குழந்தை ஸயீதும் இடிபாடுகளுக்கிடையே உயிரிழந்தார்கள். சகோதரி ஃபாத்திமா நதிப் பள்ளத்தில் விழுந்து மாண்டார். ரஷ்யத் தரப்பில் இறந்தவர்களும் காயமடைந்தவர்களும் ஏறத்தாழ 3,000 பேர்.

கர்ப்பிணியாக இருந்த மற்றொரு மனைவி ஃபாத்திமத், சிறுவன் காஸி முஹம்மத், இன்னும் சிலர் ஆகியோரோடு ஷாமில் இரவோடு இரவாகப் பாறைச் சரிவில் இறங்கித் தப்பினார். ஃபாத்திமத் பின்னர் பெற்றெடுத்த மகன்தான் முஹம்மத் ஷஃபீ.

எல்லாம் முடிந்தது என்று ரஷ்யர்கள் எண்ணினார்கள். ஆனால் அடுத்த ஆண்டே செச்னிய மக்கள் திரண்டு ஷாமிலைத் தலைவராக ஏற்றார்கள். நாட்டைப் பகுதிகளாகப் பிரித்து நாயிபுகளை நியமித்தார், பைத்துல்மாலை அமைத்தார், பழிக்குப் பழி என்று தலைமுறைகளாகத் தொடர்ந்த குலச் சண்டைகளைக் கட்டுப்படுத்தி ஷரீஅத் சட்டத்தை நடைமுறைப்படுத்தினார். 1845-ல் அவருடைய தலைநகரான தார்கோவைப் பிடிக்க வந்த பெரும் ரஷ்யப் படை, காடுகளுக்குள் சிக்கிப் பேரிழப்போடு திரும்பியது. இத்தனை வெற்றிக்குப் பிறகும், மூத்த மகனை மீட்க அவரால் முடியவில்லை.

அரண்மனையின் நிழலில் ஒரு பிள்ளை

ஜமாலுத்தீன் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கொண்டு செல்லப்பட்டார். பேரரசர் முதலாம் நிக்கோலஸ் அவரைத் தம் மேற்பார்வையில் இராணுவப் பள்ளியில் சேர்த்தார். சிறையில் வாடும் கைதியாக அல்ல, செல்லமாகவே அவர் வளர்க்கப்பட்டார். ரஷ்ய மொழி அவருடைய மொழியாயிற்று. பிறந்த வீட்டில் பேசிய அவார் மொழி மெல்ல மறந்தது. குதிரைப்படை அதிகாரியானார். ரஷ்யக் குடும்பமொன்றில் மணமுடிக்கவும் விரும்பினார்.

ஃபிர்அவ்னின் அரண்மனையில் வளர்ந்த மூஸா (அலை) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். அங்கே பாலூட்டுவதற்குத் தாயே திருப்பி அனுப்பப்பட்டார். இந்தச் சிறுவனுக்கோ தாயின் முகத்தை மறுபடி பார்க்கக்கூடக் கிடைக்கவில்லை. அவரைப் பெற்ற ஃபாத்திமத் 1845-ல் காலமானார்.

1854-ல் கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தபோது ஷாமிலின் படைகள் ஜார்ஜியாவுக்குள் இறங்கின. இளைய மகன் காஸி முஹம்மத் தலைமையில் சென்றவர்கள் சினந்தாலி என்ற இடத்திலிருந்த மாளிகையிலிருந்து இளவரசி அன்னா சவ்சவாட்ஸே, அவருடைய சகோதரி வர்வாரா ஓர்பெலியானி, அவர்களின் குழந்தைகள், பிரெஞ்சு ஆசிரியை ஒருவர் ஆகியோரைச் சிறைபிடித்தார்கள். அந்தச் சகோதரிகள் ஜார்ஜியாவின் கடைசி மன்னருடைய பேத்திகள்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. மலைப்பாதையில் குதிரைகள் விரைந்தபோது, இளவரசி அன்னாவின் களைத்துப்போன கையிலிருந்து அவருடைய கைக்குழந்தை நழுவி விழுந்து இறந்தது. ஒரு தகப்பன் தன் பிள்ளையை மீட்க எடுத்த முயற்சியில், ஒரு தாய் தன் பிள்ளையை இழந்தாள். எந்தப் போராக இருந்தாலும் அதன் கணக்கில் இப்படிப்பட்ட பெயர்களும் சேர்ந்தே வருகின்றன.

சிறைபிடிக்கப்பட்டவர்கள் வெதெனோவில் இமாமின் வீட்டு வளாகத்தில் எட்டு மாதங்கள் வைக்கப்பட்டார்கள். இடம் நெருக்கடி, உணவு எளிமை. ஆனால் அவர்களின் மானத்துக்குப் பங்கம் வரவில்லை. இமாமின் மனைவி ஷுஆனத் அவர்களுக்குப் பரிவு காட்டினார். அவர் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து, தாமும் ஒரு தாக்குதலில் சிறைபிடிக்கப்பட்டு வந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவி இமாமை மணந்தவர். அயல் வீட்டில் அகப்பட்ட பெண்ணின் மனம் அவருக்குத் தெரிந்திருந்தது.

பெருந்தொகை கேட்டுத் தொடங்கிய பேச்சு, கடைசியில் 40,000 வெள்ளி ரூபிளும் ஜமாலுத்தீனும் என்று முடிந்தது. அப்போது போலந்தில் பணியிலிருந்த அவரிடம், போக விருப்பமா என்று கேட்கப்பட்டது. அந்தப் பெண்களும் குழந்தைகளும் விடுதலையாக வேண்டும் என்பதற்காக அவர் இசைந்தார். முதல் முறை அவரைப் பணயமாக அனுப்பியது தகப்பன். இரண்டாம் முறை அவரே தம்மைக் கொடுத்தார்.

திரும்பி வந்தும் வீடு வந்து சேரவில்லை

1855 மார்ச் மாதம், மிச்சிக் ஆற்றின் கரையில் பரிமாற்றம் நடந்தது. ரஷ்யச் சீருடையைக் களைந்து மலைநாட்டு உடை அணிந்த பிறகே ஜமாலுத்தீன் தந்தையிடம் அழைத்துச் செல்லப்பட்டார். ஏறத்தாழ 16 ஆண்டுகளுக்குப் பின் மகனைக் கட்டித் தழுவிய இமாம், தம் படையினர் பார்த்து நிற்க, அழுதார்.

யஅகூப் (அலை) அவர்களின் கண்ணுக்கு ஒளி திரும்பியது போன்ற நாள் அது. ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வாப்பாவும் மகனும் மனம்விட்டுப் பேசிக்கொள்ளப் பொதுவான மொழி இல்லை. ரஷ்யாவின் பரப்பையும் படைபலத்தையும் நேரில் அறிந்திருந்த மகன், சமாதானமே நல்லது என்று எடுத்துச் சொன்னார். இமாமுக்கு அது கசந்தது. சுற்றியிருந்தவர்களுக்குச் சந்தேகத்தைத் தந்தது. செச்னிய நாயிப் ஒருவரின் மகளை மணமுடித்து வைத்தார்கள். அதுவும் அவரை அந்த மண்ணில் வேரூன்றச் செய்யவில்லை.

பிறகு காசநோய் பற்றியது. சிகிச்சைக்கு இமாம் நாடியது எதிரித் தரப்பைத்தான். பாதுகாப்புக்குப் பிணையாட்களை நிறுத்திவிட்டு, ரஷ்ய மருத்துவர் ஒருவரைக் கராத்தா என்ற மலைக் கிராமத்துக்கு வரவழைத்தார்கள். நோய் முற்றியிருந்தது. 1858-ல் ஜமாலுத்தீன் வபாத்தானார். மீட்கப்பட்டு மூன்றாண்டுகளே ஆகியிருந்தன.

குனீப் மலையும் கலூகா வீடும்

கிரிமியப் போர் முடிந்ததும் ரஷ்யா முழு வலுவையும் காக்கசஸ் பக்கம் திருப்பியது. செச்னியர்களுக்கு அரணாக இருந்த காடுகள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. 1859-ல் வெதெனோ வீழ்ந்தது. நாயிபுகள் ஒவ்வொருவராக விலகினார்கள். சுமார் 400 பேரோடும் குடும்பத்தாரோடும் இமாம் குனீப் மலை மேல் ஒதுங்கினார்.

மறுபடியும் அதே நிலை. மேலே பெண்களும் குழந்தைகளும், கீழே பெரும்படை. 20 ஆண்டுகளுக்கு முன் அஹுல்கோவில் அவர் மகனைக் கொடுத்தார், தம்மைக் கொடுக்கவில்லை. குனீபில் தாமே இறங்கி வந்தார். 1859 ஆகஸ்ட் மாதம் இளவரசர் பர்யாதின்ஸ்கியிடம் சரணடைந்தார். எஞ்சியிருந்த குடும்பங்கள் உயிர் தப்பின. கோழைத்தனம் என்று சிலர் அதைச் சொல்லக்கூடும். 25 ஆண்டுகள் போரிட்ட 62 வயது முதியவருக்கு, இறப்பதைவிடக் கடினமான முடிவாக அது இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதன்பின் மகன் போன அதே வழியில் தந்தையும் போனார். பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் அவரைக் கண்ணியமாக வரவேற்றார். பீட்டர்ஸ்பர்க்கில் அவரைக் காண மக்கள் திரண்டார்கள். மகன் சொல்லியும் தாம் நம்பத் தயங்கியதை இப்போது அவரே கண்ணால் பார்த்தார். கலூகா நகரில் குடும்பத்தோடு வாழ வீடு தரப்பட்டது. மலைக்காற்றில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை; மருமகள் கரீமத்தும் மகள் நஃபீஸத்தும் அங்கே வாழ்ந்த ஆண்டுகளில் இறந்துபோனார்கள்.

1860-ல் திமிஷ்கில் கலவரம் மூண்டபோது, அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிர் (ரஹ்) ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைக் காப்பாற்றினார். அதைக் கேள்விப்பட்ட இமாம் ஷாமில், கலூகாவிலிருந்து அவருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். வாழ்நாள் முழுதும் ஒரு கிறிஸ்தவப் பேரரசோடு போரிட்டவர், நிராதரவான கிறிஸ்தவர்களைக் காப்பது மார்க்கக் கடமை என்பதில் தடுமாறவில்லை.

பலமுறை கேட்ட பிறகு 1869-ல் ஹஜ்ஜுக்குச் செல்ல அனுமதி கிடைத்தது. ஆனால் மூத்த மகன்கள் இருவரும் ரஷ்யாவிலேயே நிறுத்தப்பட்டார்கள். மீண்டும் பிள்ளைகள் பணயம். இஸ்தான்புல் வழியாக மக்கா சென்று ஹஜ் செய்த இமாம், 1871-ல் மதீனாவில் இறையடி சேர்ந்தார்.

இரு படைகளில் இரு சகோதரர்கள்

இமாமின் மறைவுக்குப் பிறகு காஸி முஹம்மத் உஸ்மானியப் படையில் சேர்ந்து தளபதியானார். 1877-78 போரில் ரஷ்யாவை எதிர்த்துப் போரிட்டார். 1902-ல் அவரும் மதீனாவில் காலமானார். அஹுல்கோவிலிருந்து தாயின் வயிற்றில் இருந்தபடி தப்பிய முஹம்மத் ஷஃபீ, ரஷ்யப் படையில் மேஜர் ஜெனரல் பதவிவரை உயர்ந்தார். ஒரே வீட்டுப் பிள்ளைகள், எதிரெதிர் படைகளின் சீருடையில்.

ஜமாலுத்தீனையோ முஹம்மத் ஷஃபீயையோ குறை சொல்வது எளிது. பிள்ளைகள் தாம் வளர்ந்த இடத்தின் மொழியையும் மனத்தையும் பெறுகிறார்கள். அது அவர்கள் குற்றமல்ல. திரும்பி வந்த பிள்ளை நாம் அனுப்பிய பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும், அவன் கண்டுவந்து சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க மறுப்பதும் பெரியவர்களாகிய நம்மிடம் உள்ள குறை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிள்ளைகளைப் படிக்கவும் பிழைக்கவும் அனுப்பியிருக்கும் நம் வீடுகளுக்கு இது அந்நியச் செய்தி அல்ல.

இமாம் ஷாமில் ஊராரிடம் கேட்டதைத் தம் வீட்டிலிருந்தும் கொடுத்தார். கொடுத்தது அவருக்கு வலிக்கவில்லை என்று யாரும் எழுதவில்லை. அல்லாஹ் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் தியாகத்தை ஏற்றுக்கொள்வானாக. போர் பிரித்த பெற்றோரையும் பிள்ளைகளையும் தன் அருளால் ஒன்று சேர்ப்பானாக. ஆமீன்.