பிரம்பையும் பரிசையும் விலக்கிய அம்மையார்

பொழுது விடிந்ததும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் தாயும் தந்தையுமாக வேலைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது? அதற்காகத்தான் தெருவுக்குத் தெரு மழலையர் பள்ளிகள் தோன்றியிருக்கின்றன. சில பள்ளிகளின் பலகையில் 'மாண்டிசோரி' என்ற பெயரைக் காணலாம்.

அது ஒரு பெண்மணியின் பெயர். அவர் நம் சென்னையிலேயே வாழ்ந்து, உபாத்தியாயர்களுக்குப் பாடம் சொன்னவர்.

தாயின் துயரம்

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்டு 31-ல் இத்தாலியில் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பது அபூர்வமாயிருந்த காலம் அது. ஏளனத்தைப் பொருட்படுத்தாமல் ரோமாபுரி சர்வகலாசாலையில் படித்து, 1896-ல் டாக்டரானார்.

1898-ல் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அவரோ மணமாகாதவர். செய்தி வெளியே தெரிந்தால் அவருடைய தொழில் வாழ்க்கையே முடிந்துவிடும். ஆகவே மரியோ என்ற அந்த மகன் நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். பதினைந்து வயதளவில்தான் தாயிடம் வந்து சேர்ந்தான். அதன் பின்னும் நெடுங்காலம் உலகத்தார் முன் அவனை மகன் என்று சொல்ல அவரால் முடியவில்லை.

சுவர்களைக் காக்கத் தொடங்கிய பள்ளி

ரோமில் சான் லொரன்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதி. பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் புதுக் கட்டடங்களின் சுவர்களைப் பாழாக்குகிறார்கள் என்று கட்டட முதலாளிகள் கவலைப்பட்டார்கள். பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டால் போதும் என்று டாக்டரை அழைத்தார்கள். 1907 ஜனவரி 6-ல் சுமார் ஐம்பது குழந்தைகளோடு 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது.

ஒரு நாள் அங்கே ஒரு காட்சியைக் கண்டார். கெட்டிக்காரச் சிறுவன் ஒருவன் கழுத்தில் வெள்ளிச் சிலுவை பரிசாகத் தொங்கியது. மற்றொருவன் தண்டனையாக அறை நடுவில் நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தான். வேலையில் மூழ்கி அங்குமிங்கும் நடந்த முதல் சிறுவனின் சிலுவை கீழே விழுந்தது. தண்டனை பெற்றவன் அதை எடுத்தான். முதல்வனோ அதைச் சட்டை செய்யாமல் அவனிடமே விட்டுவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினான்!

வேலையில் மனம் லயித்த குழந்தைக்குப் பரிசும் தேவையில்லை, தண்டனையும் தேவையில்லை என்று அம்மையார் கண்டுகொண்டார். இரண்டும் பெரியவர்களின் வசதிக்காக ஏற்பட்டவை. குழந்தையைத் திருத்துவதற்கு முன்னால் உபாத்தியாயர் தம்முடைய கோபத்தையும் கர்வத்தையும் களைய வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். வேலை செய்யும் குழந்தையை இடைமறிக்கக் கூடாது என்பதும் அவர் வகுத்த விதி.

சர்வாதிகாரியின் ஆதரவு

1924-ல் முசோலினியின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. அரசாங்கப் பணத்தில் பள்ளிகள் பெருகின. அம்மையாரும் அந்த உதவியை ஏற்றுக்கொண்டார். அவர் வாழ்க்கையில் பலர் குறை காணும் பகுதி இது.

ஆனால் சர்வாதிகாரிக்கு வேண்டியது, சீருடை அணிந்து கட்டளைக்கு அடிபணியும் பிள்ளைகள். அதற்குத் தம் பள்ளிகளை வளைத்துக் கொடுக்க அம்மையார் இசையவில்லை. 1934-ல் உறவு முறிந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. அவர் தாய்நாட்டைத் துறந்தார். ஜெர்மனியிலும் நாஜிகள் அவருடைய பள்ளிகளை மூடினார்கள். பார்சிலோனாவில் குடியிருந்தார், 1936-ல் உள்நாட்டுப் போர் அங்கிருந்தும் துரத்தியது.

அடையாற்றில்

1939-ல், அறுபத்தொன்பதாம் வயதில், மகனுடன் சென்னைக்கு வந்தார். அழைத்தவர்கள் அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 பேர் பயிற்சி பெற்றார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார்.

1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. மரியோ எதிரி நாட்டவர் என்று அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையாருக்கும் வெளியே செல்லத் தடை. ஆகஸ்டு 31-ல் அவருடைய எழுபதாவது பிறந்த நாள் வந்தது. அன்று வைஸ்ராயிடமிருந்து தந்தி! அவருடைய மகனை விடுதலை செய்வதே பிறந்த நாள் பரிசு என்றது சர்க்கார். உலகறியச் சொல்ல முடியாதிருந்த உறவை வைஸ்ராயின் தந்தியே சொல்லிவிட்டது.

பின்னர் கொடைக்கானலிலும் தங்கிப் பணி செய்தார். 1946-ல் ஐரோப்பா திரும்புவதற்குள் இந்தியாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உபாத்தியாயர்களைத் தயாரித்திருந்தார். 1952 மே 6-ல் ஹாலந்தில் காலமானார்.

கதவு மூடிய பின்

பள்ளியில் குழந்தைகளை அடிக்கவும் மனம் நோகச் செய்யவும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை விதித்தது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளவர்களுக்கு. மூன்று வயதுப் பிள்ளை அதற்கு வெளியே நிற்கிறது. வகுப்பில் நடந்ததை வீட்டில் வந்து சொல்லவும் அதற்குத் தெரியாது.

தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் ஓடுகிற தாய்க்கு, உள்ளே இருக்கும் ஆசிரியையின் மனச்சாட்சி ஒன்றே துணை. மாண்டிசோரி என்று பலகையில் எழுதுவது சுலபம். அந்த அம்மையார் கேட்டது, கதவு மூடிய பிறகும் மாறாத நடத்தையை.